மிஷின் சத்தத்துக்குள் ஐந்தெழுத்து

எனக்குக் கிடைத்த மந்திரம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லோரியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருப்பதுதான் என்று தெரிந்தபோது பெரிய ஏமாற்றமாக இருந்தது. மந்திரம் என்றால் காதோடு காதாகச் சொல்வார்கள், உடம்பு சிலிர்க்கும், வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்குவார்கள் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு போயிருந்தேன். யோகா டீச்சரோ எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்களுக்கு நமசிவாய போதும்ணே," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார். தினமும் அந்த லோரியில்தான் மலைக்குப் போகிறேன். கண்ணாடியில் அந்த எழுத்துகளுக்குப் பின்னால் டிரைவர் கொட்டாவி விடுவது தெரியும். அதையா எனக்கென்று எடுத்துக் கொடுத்தார் என்று மனம் சுருங்கியது.

எதிர்த்துக் கேட்க எனக்கு வராது. தானா ராத்தா டவுனில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் டீ கேட்டுக் காப்பி வந்தால், காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வருகிற ஆள் நான். கல்யாண வீட்டில் சாம்பார் வாளி என் இலையைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பக் கூப்பிட மாட்டேன். வீட்டுக்காரிதான் எனக்கும் சேர்த்துப் பேசுவாள். அதனால் டீச்சர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையில் நான் மந்திரம் தேடிப் போனவன் இல்லை. இந்த மலைக் குளிர் நாற்பது வயசுக்கு மேல் என் நெஞ்சில் குடியேறிவிட்டது. ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தால் விசில் அடிப்பதுபோல் மூச்சு வரும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். புகை, பூச்சிமருந்துத் தூள் இதற்கெல்லாம் தள்ளியே இருக்கச் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி அந்த வாரமே கோயில் மண்டபத்து யோகா வகுப்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். வகுப்பு எடுக்கிறவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே கார் ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வருவார். எல்லாருக்கும் அவர் டீச்சர்.

முதல் வாரம் எல்லாரும் சேர்ந்து "ஓம்" சொன்னபோது நான் வாயை மட்டும் திறந்து மூடினேன். பக்கத்துப் பாயிலிருந்த பால்வாடி ஆயா என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வாரம் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்குக் கடைசியில் டீச்சர் ஒன்று சொன்னார், அது என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. மந்திரத்தைச் சத்தமாகச் சொல்வது ஒரு வகையாம். உதடு மட்டும் அசைய முணுமுணுப்பது அதற்கு மேலே. உதடே அசையாமல் மனசுக்குள் சொல்வது எல்லாவற்றுக்கும் மேலே.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காதவனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இங்கே வாயைத் திறக்காதவன் முதல் பெஞ்சு. எனக்கென்றே செய்து வைத்த சாமி காரியம் ஒன்று உலகத்தில் இத்தனை காலமாக இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அர்த்தம் தெரியாமல் சொன்னால் பலிக்குமா என்று ஆயாதான் கேட்டாள். சிவனுக்கு வணக்கம் என்பது நேரான அர்த்தம் என்றார் டீச்சர். அதற்குள்ளே இன்னொன்றும் சொல்வார்கள்: ந என்பது மண், ம தண்ணீர், சி நெருப்பு, வா காற்று, ய ஆகாயம். எனக்குச் சட்டென்று உடம்பு சூடாகிவிட்டது. மண்ணில் நிற்கிற செடி, பனியில் நனைகிற இலை, பறித்துக்கொண்டு போனால் பேக்டரியில் காற்றில் வாட்டி நெருப்பில் காய வைப்பது, எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் மலைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ஆகாயம். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற தோட்டத்தை யாரோ ஐந்தெழுத்தாக மடித்துக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது. லோரிக் கண்ணாடியை நினைத்து மனம் சுருங்கியதெல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

"இதெல்லாம் தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி," என்றார் டீச்சர். "மனசு நாய்க்குட்டி மாதிரி. எதையாவது கடிச்சிக்கிட்டே இருக்கும். செருப்பக் கடிக்கக் கூடாதுன்னா அதுக்கு ஒரு எலும்பக் குடுக்கணும். மந்திரம் அந்த எலும்பு."

"கோயில்ல ஒக்காந்துகிட்டு எலும்புங்கறீங்களே டீச்சர்," என்றாள் ஆயா. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தம் இல்லாமல்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. பல் விளக்கும்போது நமசிவாய, சப்பாத்து மாட்டும்போது நமசிவாய. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் கொதிப்பதற்காக அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நான் சொல்லாமலே உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சொல்ல, நான் கேட்டுக்கொண்டு நிற்பதுபோல. கேத்தல் சீறியதுகூடத் தெரியவில்லை. இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று படுக்கையறைக்கு ஓடி வீட்டுக்காரியை எழுப்பினேன். எழுப்பிய பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "கேஸ் அடைக்கலியா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க என் நெஞ்சுக்குள் கல்யாண வீடு நடந்தது.

இந்தச் சந்தோஷம்தான் என்னை மிஷினில் மாட்டிவிட்டது.

எங்கள் தோட்டத்தில் இப்போது கையால் கிள்ளுவது ரொம்பக் குறைவு. மிஷின்தான். கட்டிலை இரண்டு பேர் தூக்கிப் போவதுபோல் அதைத் தூக்கிப் போகவேண்டும். செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், நடுவில் செடியின் மேலே பிளேடு. வெட்டிய கொழுந்தை மிஷினே ஊதிப் பின்னால் உள்ள நீளப் பைக்குள் தள்ளும். அந்தப் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் வரவேண்டும். கஷ்டமெல்லாம் தூக்குவதில் இல்லை, நடப்பதில்தான். இரண்டு பேர் காலும் ஒன்றாகப் போகவேண்டும். ஒரு ஆள் அரை எட்டு முந்தினாலும் பிளேடு கோணிக்கொள்ளும். ஒரு இடத்தில் கொழுந்து நின்றுவிடும், இன்னொரு இடத்தில் காம்பு வரைக்கும் கடித்துவிடும். செடி திரும்பத் தளிர்க்க நாளாகும்.

பல வருஷமாக எனக்கு எதிர்ப்பக்கம் நடந்தவர் என் மச்சான். அவர் நடையும் என் நடையும் பழகிப்போய், பேசவே வேண்டியதில்லை. அவர் பிள்ளைகளோடு ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு நேப்பாளக்காரர் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், ஊரில் பிள்ளைகுட்டி இருக்கிறவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக உடைந்த மலாய். அதிலும் என்னைப்போலவே அவரும் அதிகம் பேசாதவர். என்னை "அபாங்" என்று அண்ணன் முறையில் கூப்பிடுவார். பை பிடிக்கிறவள் என் கொழுந்தியா, வீட்டுக்காரியின் தங்கை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசுவாள்.

புது ஆளோடு நடை பழகவேண்டிய நேரத்தில் நான் என்ன செய்தேன்? மனசுக்குள் சொல்வதுதான் மேல் வகுப்பு என்று டீச்சர் சொன்னாரே, வேலையையும் தியானமாக்கிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். என்ஜின் அதிர்வு கைவழியாக ஏற, மந்திரம் உள்ளே ஓட, கண் பாதி சொருகிப் போய்க்கொண்டே இருந்தேன். எவ்வளவு சுகம். மூச்சு விசில் அடிக்கவே இல்லை. நான் என் தாளத்தில் சொர்க்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் அந்த மனுஷன் மிஷின் இழுத்த இழுப்புக்கு ஓடி வந்துகொண்டிருந்தார். நிரை முடிவில் அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பெலான் பெலான், அபாங்," என்பார். மெதுவா, மெதுவா என்று. நான் தலையாட்டுவேன். அடுத்த நிரையில் திரும்பவும் சொர்க்கம்.

எங்கள் வேலையை மேற்பார்க்கிற கங்காணி வந்து பார்த்தார். என்னைவிட வயசில் சின்னவர், மரியாதை தெரிந்தவர், ஆனால் நாக்கு கூர்மை. நிரையின் தலைமாட்டில் குனிந்து, செடியின் மேல் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார். கையிலிருந்த தடியைச் செடிமேல் படுக்கப் போட்டார். ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. தடி ஊஞ்சல் ஆடியது.

"மிஷின் வெட்டுச்சா அண்ணே, எலி கடிச்சிச்சா?"

நான் தரையைப் பார்த்தேன். கொழுந்தியா பையை உதறுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அடுத்த சுற்று இதே மலைக்கு வரும்போதும் இப்படித்தான் இருந்தால், எங்கள் இரண்டு பேரையும் மிஷினிலிருந்து எடுத்து மருந்து அடிக்கிற வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. முதுகில் மருந்துத் தொட்டியை மாட்டிக்கொண்டு, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, ஏற்றத்தில் ஏறுவதை நினைத்தேன். என் நெஞ்சு அதை ஒரு மாதம் தாங்காது. அப்படியென்றால் இந்த மலையைவிட்டு இறங்கவேண்டியதுதான். இறங்கி எங்கே போவது? இந்தச் செடிகளைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்தும் நான் போகாமல் பாயை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். டீச்சரே வந்து என்ன என்று கேட்டார். திக்கித் திணறிச் சொன்னேன். மந்திரத்தால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் அவர் புரிந்துகொண்டார். சிரித்தார். அப்புறம் நர்ஸ் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, கண்ண மூடி ஒக்காரும்போது மனசுக்குள்ள சொல்லுங்க. கையில பிளேடு ஓடும்போது அந்த மேல் வகுப்பு வேணாம். வாய்விட்டுச் சொல்லுங்க. சத்தமா சொல்றவன் தூங்க மாட்டான். அதுக்குத்தான் அதையும் வச்சிருக்கு."

சத்தமாகவா என்று கேட்டிருப்பேன் போலிருக்கிறது. என் முகமே கேட்டிருக்கும்.

"உங்க மிஷின் சத்தத்துல யாருக்குண்ணே கேக்கப் போவுது?"

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என் கூடவே வந்தது. யாருக்குக் கேட்கப் போகிறது? காது மூடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். ஒரு கை தூரத்தில் இருக்கிறவர் கத்தினாலும் கேட்காது. என் வாழ்க்கையிலேயே யார் காதிலும் விழாமல் சத்தம் போடக்கூடிய ஒரே இடத்தில் நான் தினமும் நின்றுகொண்டிருக்கிறேன். இதுவரை அது தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை முதல் நிரையில் என்ஜினை முடுக்கியதும் மெதுவாக ஆரம்பித்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு எட்டு. எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் ஏற்றினேன். நெஞ்சுக்குள் அதிர்ந்தது, காதில் விழவில்லை. இன்னும் ஏற்றினேன். நிரை பாதி போவதற்குள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். ஐயோ, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது. வயிற்றுக்குள்ளிருந்து எதுவோ திறந்துகொண்டு வெளியே பாய்ந்தது. நாற்பது வருஷமாகக் கேட்காமல் விட்ட சாம்பாரெல்லாம், குடித்துத் தொலைத்த காப்பியெல்லாம் ஐந்தெழுத்தாகப் போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. காலும் கையும் என் வசத்தில் இருந்தன, கண் சொருகவில்லை, செடியின் ஒவ்வொரு தளிரும் தெளிவாகத் தெரிந்தது.

நிரை முடிந்து என்ஜினைத் தணித்ததும் கொழுந்தியா ஓடி வந்தாள்.

"மாமா, என்னாலா அந்த ஆளப் போட்டு இந்தத் திட்டு திட்டுறீங்க? கழுத்து நரம்பெல்லாம் பொடைக்குது. பாவம்லா."

நான் திட்டவில்லை என்று தலையாட்டினேன். ஆனால் நேப்பாளக்காரர் அப்படி நினைக்கவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காது மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, மெல்லக் கேட்டார்: "அபாங் பாச்சா சிவா கா?" அண்ணன் சிவனை ஓதுகிறீர்களா என்று. 'ம'வுக்கு உதடு ஒட்டுவதும் 'வா'வுக்கு உதடு பல்லில் படுவதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் ஊரிலும் அதே மந்திரம்தான். இத்தனை நாள் மிஷினின் அந்தப் பக்கம் நடந்தவரின் வாய்க்குள்ளும் அது இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. நானும் கை கூப்பினேன்.

அடுத்த நிரையில் இரண்டு பேரும் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு கிளம்பினோம். பத்தடி போவதற்குள் தடுமாறி நின்றோம். நான் ஐந்தெழுத்து சொல்கிறேன், அவர் முன்னால் ஓம் சேர்த்து ஆறு சொல்கிறார். நான் அடுத்த சுற்றைத் தொடங்கும்போது அவர் இன்னும் 'ய'வில் நிற்கிறார். சரி, நாமும் ஓம் சேர்ப்போம் என்று நானும் ஆறாக்கினேன். கால் இப்போது ஒன்றாகத்தான் போயிற்று. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓம் என் இடது காலிலேயே வந்து விழுந்தது. ஓம் என்றால் தானாக ஒரு அழுத்தம் வருகிறதல்லவா, அந்த அழுத்தத்தில் மிஷினும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. பின்னாலிருந்து கொழுந்தியா, "என்னா மாமா, சோல்ஜர் மார்ச்சா?" என்று சைகை காட்டி, கையை வீசி நடந்து காட்டினாள். வெட்டிய இடத்தைப் பார்த்தால் அலை அலையாக இருந்தது.

ஐந்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு தடவை 'ந' இடது காலில் விழுந்தால் அடுத்த தடவை வலது காலில் விழும். அழுத்தம் மாறி மாறிப் போகும். மிஷின் தொட்டில் மாதிரி நடுவிலேயே மிதக்கும். இதை யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தனியாகச் சொல்லிக்கொண்டு நடந்து பார்த்தபோது கால்தான் கண்டுபிடித்தது. கொழுந்துப் பைமேல் உட்கார்ந்து சாப்பிடும்போது அவருக்கு விரலால் தொடையில் தட்டிக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் முகம் வாடிவிட்டது. ஓம் இல்லாமல் மந்திரத்தை ஆரம்பிப்பது அவருக்குச் சாமிக்கு விளக்கேற்றாமல் பூசை செய்வதுபோல. எங்கள் வழியில் ஐந்தெழுத்தாகவும் சொல்வோம் என்று எப்படி மலாயில் விளக்குவது? நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தவும் எனக்குத் தெரியாது.

சாப்பிட்டு முடித்து மிஷினிடம் வந்தோம். நான் கயிற்றை இழுத்தேன். என்ஜின் பிடித்துக்கொண்டு உறுமியது. அவர் திடீரென்று கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்ஜினைச் சுட்டிக்காட்டி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஓம்."

விடாமல் ஒரே சுருதியில், மூச்சு வாங்காமல், நிரை முழுக்க அது சொல்லிக்கொண்டே வருகிறது. நாங்கள் ஏன் சொல்லவேண்டும்? எனக்குச் சிரிப்பும் புல்லரிப்பும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு மதியத்துக்கு மேல் என்ஜின் ஓம் சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் மீதியைச் சொல்லிக்கொண்டு நடந்தோம். நிரை முடிவில் பார்த்தால் வெட்டு படுக்கை விரித்ததுபோல் இருந்தது. கொழுந்தியா கையால் தடவிப் பார்த்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் என்னமோ பண்றீங்க," என்றாள். "எனக்குச் சொல்லாம பண்றீங்க."

சொன்னேன். அன்று லோரியில் திரும்பும்போது அவளும் உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த சுற்று வந்தது. பள்ளி விடுமுறை நேரம். மேலே திரிங்காப்பிலிருந்து வரும் காய்கறி லோரிகளும் கீழேயிருந்து வரும் கார்களும் சேர்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. எலி கடித்த அதே மலை ரோட்டுக்கு நேர் மேலே. கார்க்காரர்கள் நகர முடியாமல் கண்ணாடியை இறக்கி எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி மேட்டில் தடியை ஊன்றி நின்றார். பக்கத்தில் தோட்டத்தையே நிர்வகிக்கிற துரையும் நின்றார். துரை வருவார் என்று யாரும் சொல்லவில்லை.

மருந்துத் தொட்டி கண்முன் வந்து வந்து போனது. எதிர்ப்பக்கம் பார்த்தேன். அவர் என் உதட்டைப் பார்த்துக் காத்திருந்தார். கயிற்றை இழுத்தேன். ஆரம்பித்தோம்.

முதல் நிரை நன்றாகப் போனது. இரண்டாவது அதைவிட நன்றாக. மூன்றாவதில் எனக்குக் கங்காணியும் மறந்துபோனார், துரையும் மறந்துபோனார். மண், தண்ணீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்று ஒவ்வொரு எட்டும் விழுந்தது. எதிரே அவர் உதடும் என் உதடும் ஒரே உதடாக இருந்தன. கத்தினேன். அவரும் கத்துகிறார் என்று கழுத்தைப் பார்த்தே தெரிந்தது. இவ்வளவு பயத்துக்கு நடுவில் ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியுமா என்றிருந்தது.

அந்தப் பதற்றத்தில் காலையில் என்ஜினுக்குப் பெட்ரோல் எண்ணெய் ஊற்ற மறந்திருக்கிறேன். நிரையின் நடுவில் என்ஜின் ஒருமுறை இருமிவிட்டு நின்றுவிட்டது. அதிர்வு நின்றது கைக்குத் தெரிந்தது. காது மூடி போட்டிருந்ததால் வாய்க்குத் தெரியவில்லை.

"நமசிவாய! நமசிவாய! நமசி..."

ரோட்டில் எல்லாத் தலையும் மேலே பார்ப்பதைக் கண்டபிறகுதான் நிறுத்தினேன். காது மூடியைக் கழற்றினேன். என் குரல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அது என் குரல்தான் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவ்வளவு பெரிய குரல். பிறகு எதிர்மலையில் வேலை செய்துகொண்டிருந்த கூட்டத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான், தைப்பூசம் என்று நினைத்துவிட்டான் போல, "அரோகரா!" என்று பதில் கொடுத்தான். ரோட்டில் கார்க்காரர்கள் கை தட்டினார்கள். கொழுந்தியா பையின் மேலே விழுந்து விழுந்து சிரித்தாள்.

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றேன். ஓடிவிடலாம் என்றால் கையில் மிஷின். கீழே வைத்தால் செடி உடையும். நேப்பாளக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பிடியை விடாமல், பிளேடு மட்டம் குலையாமல் அப்படியே நின்றார். என் வாயைப் பார்த்துக்கொண்டு சின்னக் குரலில் சொன்னார்.

"லாகி, அபாங்." இன்னொரு தரம்.

கங்காணி இறங்கி வந்தார். நாங்கள் வெட்டி வந்த நிரையின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார். செடி மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார். தடியைச் செடிமேல் படுக்கப் போட்டார். அது ஆடவில்லை. கொஞ்சம் தள்ளிப் போட்டார். ஆடவில்லை. நாங்கள் நிற்கிற இடம் வரைக்கும் அப்படியே போட்டுக்கொண்டு வந்தார். மேட்டில் துரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டார் கங்காணி.

"எண்ணெ..." என்றேன்.

"ஊத்துங்க. ஊத்திட்டு மேல் நிரையும் நீங்களே எடுங்க." தடியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார். இரண்டு எட்டு போய் நின்றார். "எலியெல்லாம் ஓடிப் போச்சு போலிருக்கு. நீங்க போட்ட சத்தத்துக்கு ஓடாம என்னா செய்யும்."

மேட்டுக்குப் போய்த் துரையிடம் ஏதோ சொன்னார். துரை தலையை ஆட்டினார். இரண்டு பேரும் அடுத்த மலைக்கு நடந்தார்கள். அவ்வளவுதான். மருந்து என்ற பேச்சே வரவில்லை. என் மூச்சு தானாக நீளமாக இறங்கியது, விசில் இல்லாமல்.

கொழுந்தியா டின்னைக் கொண்டு வந்து எண்ணெய் ஊற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாமா, இந்தத் தடவ கொஞ்சம் பார்த்துலா. கீழ லெம்பா பெர்த்தாம்ல மொளகாய் பறிக்கிறவன்லாம் என்னமோன்னு ஓடி வந்துடப் போறான்," என்றாள். இன்று சாயங்காலத்துக்குள் இது தோட்டம் முழுக்கப் போய்விடும். வீட்டுக்குள் நுழையும்போதே வீட்டுக்காரி எல்லாம் தெரிந்து வாசலில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆயா விட மாட்டாள். எல்லாம் தெரிந்தது. ஆனால் அதற்காகப் பயப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வயிற்றுக்குள் குறுகுறுவென்று சிரிப்புதான் இருந்தது.

மேல் நிரைக்கு மிஷினைத் தூக்கிக்கொண்டு போனோம். கார்கள் இன்னும் நகரவில்லை. ஒரு காரின் கூரைத் திறப்பில் தலையை நீட்டிக்கொண்டு ஒரு பெண் கைப்பேசியை எங்களை நோக்கிப் பிடித்திருந்தாள். நேப்பாளக்காரர் தன் பக்கம் போய் நின்று, பிடியைப் பிடித்து, என் உதட்டைப் பார்த்தார். கயிற்றில் கை வைத்த நான் இழுக்கவில்லை. என்ஜின் இல்லாத மலையில், எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரே ஒரு தரம், நிதானமாகச் சொன்னேன். அவரும் கூடவே சொன்னார். பிறகு கயிற்றை இழுத்தேன். என்ஜின் தன் பங்கைத் தொடங்கியது. நாங்கள் நடந்தோம்.